சிலிண்டர் எடுத்தாச்சா?

"இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு" என்று அண்ணன் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை விரலால் தொட்டுக் காட்டினான். அவள் பேனாவின் மூடியைக் கழற்றவில்லை. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் அப்பா படுத்திருந்தார். எவ்வளவு துடைத்தும் புருவத்தில் சிமெண்டுத் தூசி போகவில்லை.

தாளில் மூன்றே வரி. அப்பா மூன்று வாரத்துக்கு முன்பே மகன் வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று இடித்த வாடகை வீடு காலி வீடு. எதையோ எடுக்க அவராகவே உள்ளே போயிருக்கிறார்.

"முந்தாநாள் அந்த வீட்லதானே அவர் சட்டைக்கு பட்டன் தைச்சுக் குடுத்தேன்?"

"வக்கீல் எழுதினதும்மா. கேள்வி கேட்டா வருஷக்கணக்கா அலையணும்."

"யாரோட வக்கீல்?"

அண்ணன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். பொய் சொல்லப்போகும்போது சின்ன வயதிலிருந்தே அவனுக்குக் கண்ணாடி அழுக்காகிவிடும். பெட்டியின் மேல் கிடந்த மாலைகளிலேயே பெரியது அந்த வாடகை வீட்டின் சொந்தக்காரர் அனுப்பியது. ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுததாம். காலி செய்யச் சொல்லி ஆறு வருடமாக அப்பாமேல் வழக்கு நடத்தியவர் அவர். தீர்ப்பு இன்னும் வரவில்லை. "கோர்ட் சொல்லாம ஒரு ஆணியைப் பிடுங்கட்டும் பாக்கலாம்" என்று அப்பா தெம்பாகத்தான் இருந்தார்.

வீட்டை இடித்துவிட்டுக் கட்டப்போகும் புதுக் கட்டிடத்தில் கீழ்க்கடை அண்ணனுக்கு என்றொரு பேச்சு இருந்தது. அவள் அதை நம்பியதில்லை. நேற்றுவரைக்கும்.

வாசலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் வந்ததுமே சொல்லிவிட்டார். "காலி வீடுன்னா கேஸ் சின்னது. உள்ள ஆள் இருக்கார்னு தெரிஞ்சே இடிச்சா அது வேற செக்‌ஷன். இடிச்சவன், இடிக்கச் சொன்னவன், கூட நின்னவன் எல்லாரும் உள்ள போவாங்க. பொண்ணு என்ன சொல்லுதோ அதான்."

ஸ்டேஷனில், வீட்டை இடித்த மெஷினை ஓட்டியவன் குந்தி உட்கார்ந்து அழுததும் அவளுக்கு மறக்கவில்லை. "நாலு தடவை ஹாரன் அடிச்சேன்மா." அப்பாவுக்குக் காது மந்தம். காதருகே கத்தினால்தான் உண்டு. "இடிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணுதான் கேப்பேன், சிலிண்டர் எடுத்தாச்சான்னு. அது உள்ள இருந்தா நான் கை வைக்கமாட்டேன். காலையிலேயே எடுத்தாச்சு, வீடு காலின்னாங்க."

எடுத்தது யார் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"இன்ஸ்பெக்டருக்கு ஒரு டீ போட்டுட்டு வரேன்" என்று எழுந்தாள். அண்ணன் பின்னாலேயே வந்தான். அவன் அப்படிப் பின்தொடர்ந்தது அவளை இன்னும் உறுத்தியது.

சமையலறையில் அண்ணி ஏற்கெனவே பாலை வைத்திருந்தாள். டம்ளர் எடுக்கக் குனிந்த இவள் அப்படியே நின்றாள். மேடைக்கடியில் இருந்த சிலிண்டரின் கைப்பிடியில் நீலத் துணி சுற்றியிருந்தது. அப்பாவுக்கு விரல் மரத்துப்போகும் என்று அவளே தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துச் சுற்றிக் கொடுத்த துணி.

"அண்ணி, இது எப்ப வந்துச்சு?"

அண்ணி புருஷனைப் பார்த்தாள். "நேத்து காலையில. லீக் ஆகுதுன்னு இவர்தான் எடுத்துட்டு வந்தார்."

"லீக் ஆகற சிலிண்டர்லயா டீ போடறீங்க?"

நேற்று காலை ஒன்பது மணிக்கு அப்பா போன் ஸ்பீக்கரில் கத்திப் பேசியது அவளுக்கு ஞாபகம் வந்தது. சாப்பிட வரச் சொல்லி இவளும் கத்தியிருந்தாள். "எப்படிடி வர்றது? உங்கண்ணன் புது சிலிண்டர் அனுப்பறேன்னிருக்கான். வர்றவன் பூட்டைப் பாத்துட்டுத் திரும்பிட்டா? இன்னிக்குத்தான் அவன் என்மேல அக்கறையா ஒரு வேலை செஞ்சிருக்கான், அதை நான் கெடுக்கவா?"

"காஸ் இல்லைன்னா உன் வீட்டுக்கு சாப்பிட வந்துடுவார்னு நினைச்சேன்" என்றான் அண்ணன். "சத்தியமா அதான் நினைச்சேன். சாமானை அப்புறம் பாத்துக்கலாம்னாங்க."

"அவர் நீ அனுப்பற சிலிண்டருக்காகக் காத்துட்டிருந்தார்."

அவன் கண்ணாடியைக் கழற்றவில்லை. அவன் சொன்னது உண்மைதான் என்று அவளுக்குத் தெரிந்தது. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. பொய்யாக இருந்திருந்தால் வெறுத்துத் தொலைத்திருக்கலாம்.

அடுப்பை அணைத்தாள். ரெகுலேட்டரைக் கழற்றினாள். சிலிண்டரைச் சாய்த்து, அடிவிளிம்பில் உருட்டிக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். அந்தச் சத்தத்துக்கு எல்லோரும் காலை மடக்கி வழிவிட்டார்கள். கண்ணாடிப் பெட்டியில் இடிக்காமல் திருப்புவதற்கு மட்டும் கொஞ்சம் நேரமானது.

அவள் வாசலை எட்டியதும், திரும்பிப் பார்க்காமலே டீ என்று நினைத்து இன்ஸ்பெக்டர் கையை நீட்டினார்.