ஆறாவது வரி

இடது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, ஆறாவது வரி வரை நிறுத்தாமல் சொல்லி முடித்தான் கொம்பையா. ஒரு எழுத்து தப்பவில்லை. இனி ஒரு வருஷத்துக்குக் கவலை இல்லை என்று மூச்சு விட்டபோதுதான், மெடிக்கல் ரூம் நர்ஸ் மெர்சியின் பேனா நகரவேயில்லை என்பது உறைத்தது.

“அண்ணா, இன்னாத்த பாத்து சொன்னீங்க? அந்த போர்டை எடுத்து பத்து நாளாவுது. இது நம்பர் போர்டு.”

பத்தடி தள்ளிச் சுவரில் வெள்ளையாக ஏதோ இருந்தது. அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்தது.

வல்லம் வடகாலில் பிரேக் பைப் செய்யும் அந்தக் கம்பெனியில் ஒன்பது வருஷமாகக் கடைசி மேஜை அவனுடையது. ஒவ்வொரு பைப்பையும் விளக்கடியில் உருட்டி, கீறலோ விரிசலோ இல்லையென்றால் பச்சைப் புள்ளி வைக்க வேண்டும். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவனுக்கு அந்தப் புள்ளிதான் பெருமை. போன வருஷம் சர்க்கரை நோய் இரண்டு கண்ணையும் பிடித்தது. போன பார்வை கண்ணாடி போட்டாலும் திரும்பாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். வருஷா வருஷம் நடக்கும் கண் டெஸ்டில் தேறாவிட்டால் வேலை கிடையாது. விட்டுவிடுகிற ஆளா அவன்? தலைவலி மாத்திரை கேட்கிற சாக்கில் போய், போர்டுக்குப் பக்கத்தில் நின்று நாளுக்கு ஒரு வரியாக, தேறத் தேவையான ஆறு வரியையும் மனப்பாடம் செய்தான். வீட்டில் மனைவி அன்னக்கிளி கேட்க, அவன் ஒப்பித்தான். ஒன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் கனிஷ்காவுக்கு அவனுக்கு முன்பே எல்லாம் பாடமாகிவிட்டது. மேஜையில் கையுறையைக் கழற்றிவிட்டு, நகத்தால் தடவி விரிசலைக் கண்டுபிடிக்கவும் பழகிக்கொண்டான். போன செவ்வாய்க்கிழமை வரை அதில் அவனை யாரும் குறை சொன்னதில்லை.

அன்றைக்கு அவன் புள்ளி வைத்து அனுப்பிய பைப் ஒன்றை, பேக்கிங்கில் இருக்கும் வேல்ராஜ் சட்டைக்குள் மறைத்துத் திருப்பிக் கொண்டுவந்தான். “முடி கணக்கா விரிசல் ஓடுதுண்ணே. நான் யாருட்டயும் சொல்லல” என்றான். இதற்கு முன் எத்தனை தப்பிப் போனதோ என்று ஐந்து நாளாகக் கொம்பையாவுக்குச் சோறு இறங்கவில்லை. கனிஷ்காவின் ஸ்கூல் வேன் வாசலில் பிரேக் போட்டு நிற்கும்போதெல்லாம், அதன் அடியிலும் தன் பச்சைப் புள்ளி இருக்குமோ என்று குனிந்து பார்த்தான்.

மெர்சி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“பெயில்னு எழுதினா இன்னியோட அனுப்பிச்சிடுவாங்கண்ணா. கிட்ட வந்து பாத்துக்கினு இன்னொரு வாட்டி சொல்றீங்களா? நான் கண்டுக்கல.”

அவன் கால் தன்னையறியாமல் ஒரு அடி முன்னால் வைத்துவிட்டது. அங்கேயே நின்றான்.

“வேண்டாம் தாயி. தெரியலன்னே எளுதிருங்க.”

சொல்லும்போதே குரல் உடைந்துவிட்டது. ஒன்பது வருஷத்தில் அந்தக் கம்பெனிக்குள் அவன் அழுதது அதுதான் முதல் தடவை.

சாயங்காலம், யூனிஃபார்மைக் கம்பெனியிலேயே ஒப்படைத்துவிட்டு வெறும் பையோடு அவன் வருவதைப் பார்த்ததுமே அன்னக்கிளிக்குப் புரிந்துவிட்டது. உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள். கனிஷ்காவுக்கு மட்டும் காலையிலிருந்து அப்பாவின் கண் டெஸ்ட் நினைப்புதான். ஓடிப்போய்ச் சுவரோரம் நின்று, ஸ்கேலால் வெறும் சுவரைத் தொட்டுக் காட்டினாள்.

“அப்பா, ஆறாவது வரி!”

செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றான். பிறகு உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டான்.

“இ, டி, எஃப், சி, இசட், பி.”

“கரெக்ட்!” என்று குதித்தவள், ஸ்கேலை ஒரு விரல்கடை கீழே இறக்கி, அடுத்த வரிக்காகக் காத்திருந்தாள்.