கோட்டுக்கு அந்தப் பக்கம்

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் 'மீட்டர்' என்று பெயர். கதிர்வீச்சை அளக்கும் கருவியைக் கையில் பிடித்துக்கொண்டு எக்ஸ்ரே அறை, ஸ்கேன் அறை என்று சுற்றுவதுதான் அவர் வேலை. உடம்பில் எவ்வளவு கதிர் பட்டது என்று கணக்குக் காட்டும் பேட்ஜை மேஜைக்குள் போட்டுவிட்டு ஒருவர் உள்ளே போனால், அவர் பெரிய டாக்டராகவே இருந்தாலும் இவர் விடமாட்டார். கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களின் குறை இவருக்கும் உண்டு. சொல்லிவிட்டாலே நடந்துவிடும் என்று நம்புவார்.

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்? எனக்குத் தைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்ய ஆரம்பித்தது. உடம்பு இளைத்தது, கை நடுங்கியது, எப்போதும் மூக்கின் மேல் இருக்கும் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. கதிரியக்க அயோடின் மாத்திரை ஒன்று போட்டால் சுரப்பி அடங்கும் என்றார் டாக்டர். சிக்கல் என்னவென்றால், கொஞ்ச நாளைக்கு என் உடம்பிலிருந்தே கதிர் வரும். பக்கத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும் சின்னக் குழந்தைக்கு அது ஆகாது.

நோயாளிகளுக்குக் கொடுக்கும் தாளை இவர் எனக்கும் நீட்டினார். 'சிறு குழந்தைகளிடமிருந்து விலகி இருக்கவும்' என்று அதில் போட்டிருந்தது.

"எப்படி?" என்றேன்.

"எப்படின்னா? விலகி இருக்கணும், அவ்வளவுதான்."

"இருக்கறது ரெண்டு ரூம். நம்ம பொண்ணுக்கு மூணு வயசு. தூங்கும்போதுகூட என் கழுத்தை விடமாட்டா. உங்க தாளை அவகிட்ட படிச்சுக் காட்டுங்களேன்."

சிரித்தார். பிள்ளையை அனுப்பி வைக்கவும் இடமில்லை. என் அண்ணிக்கு அது பிரசவ மாதம், மாமியார் கொழுந்தனோடு வெளியூரில் இருந்தார். நான் படுக்கையறையில், அப்பாவும் மகளும் கூடத்தில் என்று ஏற்பாடு. மாத்திரை போடும் அன்று காலையில் அவள் அயர்ந்து தூங்கினாள். எழுப்ப மனமில்லாமல் புறப்பட்டுவிட்டேன். ஒரு தடவை தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போயிருக்கலாம்.

சாயங்காலம் கதவைத் திறந்ததுமே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடிவந்தாள். "வராதே!" என்று அலறினேன். அந்தக் குரல் எங்கிருந்து வந்ததென்று எனக்கே தெரியவில்லை. ஒரே ஓட்டமாகப் படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன். அவள் வெளியே கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதாள். இந்தப் பக்கம் நான் அழுதேன். ஆஸ்பத்திரியையே ஆட்டிவைக்கும் மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

கடைசியில் எங்கேயோ கிடந்த சாக்பீஸைத் தேடி எடுத்து, படுக்கையறை வாசற்படிக்கு இரண்டு எட்டு தள்ளிக் கூடத்துத் தரையில் நீளமாக ஒரு கோடு போட்டார். "இது ஒரு ஆட்டம். அம்மா அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். யார் கோட்டைத் தாண்டினாலும் அவுட். நீதான் அம்பயர்."

அழுகை நின்றது. நான் கதவைத் திறந்தேன். அம்பயர் அப்பனைப் போலவே கண்டிப்பு. நான் கட்டிலை விட்டு எழுந்தாலே, "அம்மா, தள்ளிப் போ!" என்று விரலை ஆட்டினாள். தூரத்திலிருந்தே கதை சொன்னேன், கேட்டாள். தினமும் இவர் ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மீட்டரை என் கழுத்துக்கு நேரே நீட்டிப் பார்த்து, "குறையுது" என்பார். அவள் கோட்டுக்கு அப்பாலிருந்து கண் கொட்டாமல் பார்ப்பாள்.

ஒருநாள் கருகிப்போன ரொட்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு இவர் கேட்டார், "அந்தத் தாளை மாத்தி எழுதலாம்னு இருக்கேன். என்ன போடலாம்?"

விடுவேனா? "பிள்ளையை யார் பாத்துக்கப் போறாங்கன்னு மொதல்லயே கேளுங்க. மாத்திரை போடறதுக்கு முன்னாடியே பிள்ளைகிட்ட ஆட்டம் மாதிரி சொல்லிப் பழக்கச் சொல்லுங்க. எல்லாத்துக்கும் மேல, அன்னைக்குக் காலையில ஆசை தீரக் கட்டிப் பிடிச்சுக்கச் சொல்லி எழுதுங்க."

"இதெல்லாம் பாதுகாப்பு விதியா?"

"இது இல்லாமத்தான் அன்னைக்கு உங்க விதி கதவுல முட்டிக்கிட்டு நின்னுச்சு."

நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டார்.

டாக்டர் சொன்ன நாளெல்லாம் கழிந்த பிறகு, இவர் கடைசியாக ஒரு தடவை அளந்தார். "சரியாப் போச்சு. போ, தூக்கிக்கோ." நான் கோட்டைத் தாண்டினேன்.

"அவுட்!" என்று கத்தினாள். நான் சிரித்துக்கொண்டே கிட்டே போனேன். சுவரோடு ஒண்டிக்கொண்டாள். "வராதே! தள்ளிப் போ!" முகமெல்லாம் பயம். அன்று நான் அலறிய அதே குரல்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். கல்லாக்கியது நாங்கள்தானே? அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் ஈரத்துணியால் கோட்டை அழுத்தித் துடைத்தார். "ஆட்டம் முடிஞ்சுடுச்சு கண்ணு. நீதான் ஜெயிச்ச."

அவள் நம்பவில்லை. அலமாரிப் பக்கம் போய் என் சீப்பை எடுத்து வந்தாள். கையை எட்டும் மட்டும் நீட்டி, அதை என் கழுத்துக்கு நேரே பிடித்தாள். நான் மூச்சுக்கூட விடவில்லை. சீப்பைத் திருப்பி உற்றுப் பார்த்தாள்.

"குறைஞ்சுடுச்சு," என்றாள்.

சீப்பை அப்பா கையில் கொடுத்துவிட்டு வந்து மடியில் ஏறி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.