பதினேழாவது அமுக்கல்

பட்டனில் கை வைக்காமலே தகடு வெட்டும் பிரஸ் இறங்கியது என்று அதை ஓட்டும் மாரி சொன்னதை யாரும் நம்பவில்லை. கை தப்பியது தெய்வாதீனம். இப்போது வேலை தப்புமா என்பதுதான் பேச்சு. "பஸ்ஸப் புடிக்கிற அவசரத்துல எதையோ அமுக்கிட்டு கத வுடறான்" என்று சூப்பர்வைசர் கோதண்டம் சஸ்பென்ஷன் கடிதத்தை டைப் அடிக்கக் கொடுத்துவிட்டார். மூன்று மணிக்கு மேனேஜர் கையெழுத்து.

அம்சவல்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. பிரஸ்ஸை இயக்கும் பெட்டிக்குப் புரோகிராம் எழுதியவள் அவள்தான். ஒவ்வொரு அமுக்கலும் பெட்டியின் மெமரியில் பதிவாகி, பிரின்டர் மெதுவாக அடித்து முடிக்கும்வரை காத்திருக்கும். அப்படிக் காத்திருக்கப் பதினாறு இடம் ஒதுக்கியிருந்தாள். பதினேழாவது இடத்தில்தான் பிரஸ் இறங்கலாம் என்கிற அனுமதி இருந்தது. பதினாறோடு நிறுத்து என்று ஒரு வரி எழுதவில்லை, மகராசி; பதினேழாவது அமுக்கல் காத்திருக்க வந்தால் அந்த அனுமதியின் மேலேயே பதிவாகிவிடும்.

புரோகிராம் எழுதியபோது அளக்காமல் விட்டாளா என்றால் அதுவும் இல்லை. அத்தனை இடத்திலும் அடையாளத்துக்கு நூற்றெழுபது என்ற எண்ணை நிரப்பி, தானே பட்டனை அமுக்கி, எத்தனை அழிந்தது என்று எண்ணினாள். நாலுதான்; பதினாறு தாராளம். அன்றைக்கு நிம்மதியாக டீ குடிக்கப் போனாள்.

இன்று இரண்டரைக்கு, பிரஸ் இறங்காதபடி மோட்டாரை நிறுத்திவிட்டு, மறுபடி நூற்றெழுபதை நிரப்பினாள்.

"மாரிண்ணா, பஸ் ஹாரன் அடிச்சா எப்டி அமுக்குவீங்க?"

"இப்ப ஏது மேடம் பஸ்ஸு?"

"வந்துட்ச்சின்னு வெச்சிக்குங்க."

வல்லக்கோட்டை பஸ்ஸை விட்டால் நடைதான் என்று தெரிந்தவன் அமுக்கும் அமுக்கு அது. ஓடும் பிரஸ் ஏறி முடிக்கும் நேரம்கூடப் பொறுக்காமல் இரண்டு கையாலும் தட்டிக்கொண்டே இருந்தான். நிறுத்திக் கையை எடுத்த பிறகும் பெட்டியின் அனுமதி விளக்கு பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. அம்சவல்லி எண்ணிப் பார்த்தாள். ஒரு நூற்றெழுபதுகூட மிச்சமில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

மேனேஜர் அறைக்கு ஓடினாள்.

"இன்னாம்மா, உன் புரோகிராமயே தப்புன்றியா?" என்றார் கோதண்டம்.

"ஆமா சார். நான் அளந்தது என் கை வேகத்த. எனக்குப் புடிக்க பஸ் இல்ல."

மேனேஜர் பேனாவை மூடினார். "லெட்டர் ரெடியா இருக்கே. பேர மட்டும் மாத்தணும்."

"மாத்துங்க சார். சிப்ப மட்டும் இன்னிக்கே மாத்திட்டுப் போறேன்."

விடுபட்ட அந்த ஒரு வரியை எழுதி, புது சிப்பில் ஏற்றி, பெட்டியில் பொருத்தும்போது நாலு மணி. வெளியே ஹாரன் அடித்தது. மாரி அசையவில்லை.

"பஸ் போயிடும்ணா."

"போவட்டும். இத டெஸ்ட் பண்ண உங்க கை வேகம் பத்தாது மேடம்" என்று சொல்லிவிட்டு, பட்டன் முன்னால் வந்து நின்றான்.