கால் பக்கம் முளைத்தது

வாழைத்தாரை வேனுக்கு மேலே கட்டிவிடலாம் என்று நடத்துனர் சொன்னான். அம்மா மாட்டேன் என்றாள்.

"அது உங்க மடியில உக்காந்தா பக்கத்துல மனுஷன் எப்படிம்மா உக்காருவான்?"

"அதுக்கும் சேத்து சீட்டுப் போடு."

"வாழைக்கா சீட்டு? வழியில போலீஸ்காரன் ஆளை எண்ணுனா இது யாருன்னு சொல்றது?"

வேனில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. "வாத்தியார்னு சொல்லு" என்றாள். அவன் இன்னும் பலமாகச் சிரித்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். தார் எங்கள் இருவருக்கும் நடுவில் ஜன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்து வந்தது. சாலை வளையும்போதெல்லாம் அம்மா அதை ஒரு கையால் அணைத்துக்கொண்டாள்.

மருத்துவக் கல்லூரியின் புதுக் கட்டடத் திறப்பு விழாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா அங்கேதான் இருக்கிறார். இறந்த பிறகு அங்கே போனார்.

ஆயுள் முழுக்கக் கிராமத்துப் பள்ளியில் உயிரியல் பாடம் எடுத்தவர். "இத்தனை காலம் தவளையை அறுத்துக் காட்டினேன். நான் போனா பிள்ளைங்க என்னை அறுத்துப் படிக்கட்டும்" என்பார். அம்மா, "சரி சரி, முதல்ல டீயைக் குடிங்க, ஆறுது" என்பாள். விளையாட்டுப் பேச்சு என்றுதான் நினைத்திருந்தாள். கல்லூரி வண்டி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றபோது, தலைமாட்டில் நின்று போகட்டும் என்று தலையசைத்தவளும் அவள்தான். வீட்டுக்கு வந்த பிறகுதான் உட்கார்ந்து அழுதாள்.

ஆற்றோடு போனவர்களுக்கும் போரில் தொலைந்தவர்களுக்கும் எங்கள் பக்கத்தில் உடம்புக்குப் பதிலாக வாழைமரத்தைப் புதைப்பது வழக்கம். உடம்பு எங்கே இருக்கிறது என்று தெரிந்தே மரத்தைப் புதைத்தது எங்கள் வீட்டில்தான் முதல்முறை. அப்பாவின் அண்ணன் முருங்கா பெரியப்பா, உடம்பைக் கொடுத்துவிட்ட கோபத்தில் இருந்தார். "மரத்துக்கு எதுக்குடா ஆறடி? முழங்கால் ஆழம் போதும்" என்றார். ஆனால் மரத்தின் நீளம் செத்தவரின் உயரம் இருந்தாக வேண்டும், அதில் சமரசம் கிடையாது. அப்பா எங்கள் குன்றிலேயே உயரமானவர். பெரியப்பாவின் மகன்கள் கயிற்றால் அளந்து ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அது ஒரு கை குறைந்தது. வேறு மரம் தேடிப் போகச் சோம்பல்பட்டு, அடியில் தோண்டிக் கிழங்கோடு பெயர்த்து எடுத்து வந்தார்கள். "இப்ப சரியா வந்துடுச்சு சித்தி" என்று அம்மாவிடம் பெருமையாகக் காட்டினார்கள். நான் தாவரவியல் படித்தவள். அன்று அந்தக் கிழங்கைப் பார்த்தும் எனக்கு எதுவும் தோன்றவில்லை.

பெருமழை வந்ததும் குழியின் ஒரு முனையில் சுருட்டிய இலை ஒன்று மண்ணைக் கீறிக்கொண்டு வெளியே வந்தது.

வெட்டிப் போடச் சொன்னார் பெரியப்பா. அம்மா அதன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். "கிழங்கோடு வைத்தால் முளைக்கத்தான் செய்யும், இதில் ஒன்றும் இல்லை" என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா நான் சொன்னதை மறுக்கவில்லை. "கால் பக்கம்தானே முளைச்சிருக்கு" என்றாள். "நடந்து வரப் பாக்கறாரு."

அடக்கம் முடிந்தால் மனைவியின் தலையை மழிக்க வேண்டும். அத்தோடு துக்கம் ஒரு முடிவுக்கு வரும். பெரியப்பா அதற்கு ஒப்பவில்லை. "வாழைமரத்துக்கா மழிக்கறது? உடம்பு வரட்டும்" என்றுவிட்டார். அன்றிலிருந்து அம்மா தலைக்குச் சீப்பு வைக்கவில்லை. குழந்தை பிறந்த வீட்டுக்குள் அவள் போக முடியாது. கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள். விதைக்கும் நாளில் அவள் கையால் விதை வாங்க ஆள் கிடையாது. தலையில் கட்டியிருக்கும் துணிக்குள் முடி மட்டும் வளர்ந்துகொண்டே இருந்தது. இரவில் துணியை அவிழ்த்துவிட்டுப் படுப்பாள். தலையணையில் அந்த முடி உரசும் சத்தம் எனக்குக் கேட்கும்.

விழாவுக்கு அழைப்பு வந்ததும் அம்மா சொன்னாள்: "போய் அவரைக் கேட்டு வாங்கிட்டு வந்துடலாம். உன்னால கேக்க முடியாது. நானே கேக்கறேன்." பெரியப்பா உடனே மழிக்கும் ஆளுக்குச் சொல்லியனுப்பினார், ஒரு பிக்-அப் வண்டிக்கும் ஏற்பாடு செய்தார். அந்த வாரம்தான் குழியில் முளைத்த வாழையின் தாரில் பழம் மஞ்சளாகத் தொடங்கியது. ஊரில் யாரும் அதைத் தொடமாட்டார்கள். கல்லூரிக்காரர்களிடம் காட்டுவதற்காக எடுத்து வருகிறாள் என்று நான் நினைத்தேன். பாருங்கள், இவர் அங்கே நிம்மதியாக இல்லை என்று.

புதுக் கட்டடம் வெள்ளையாக, வெயிலில் கண் கூசும்படி நின்றது. பந்தல், பிளாஸ்டிக் நாற்காலிகள், வாசலில் நீல நாடா. மாணவர்கள் வெள்ளைக் கோட்டோடு வரிசையாக நின்று பாடினார்கள். பாடிக்கொண்டே தோளை அசைத்து ஆடினார்கள். எங்களை முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். தாரை வாங்கி ஓரமாக வைக்க ஒருவர் வந்தார், அம்மா கொடுக்கவில்லை. மந்திரி தாமதமாக வந்து நீளமாகப் பேசினார். கல்லூரித் தலைவர் டாக்டர் ஒகேலோ சுருக்கமாகப் பேசினார். இந்த வருடத்திலிருந்து மாணவர்கள் இரண்டு மடங்கு என்றார். பிறகு, "தன்னையே நமக்குக் கொடுத்த ஆசிரியரின் குடும்பம் இங்கே வந்திருக்கிறது" என்று எங்கள் பக்கம் கையை நீட்டினார். பந்தல் முழுவதும் எழுந்து நின்று கைதட்டியது. அம்மாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நான் தரையைப் பார்த்தேன். கைதட்டல் நிற்கவே இல்லை.

நாடா வெட்டி முடித்துக் கூட்டம் சாப்பாட்டுப் பந்தல் பக்கம் நகர்ந்தபோது அம்மா டாக்டர் ஒகேலோவின் முன்னால் போய் நின்றாள்.

"அவரை எங்க வச்சிருக்கீங்க?"

அவர் எங்களைக் கட்டடத்துக்குள் அழைத்துப் போனார். பெயிண்ட் வாசனை அடித்தது. தரைத்தளத்தின் கடைசியில் ஒரு பச்சைக் கதவு இருந்தது. அதன் முன்னால் நின்றார்.

"இதுக்குப் பின்னாலதான்மா. போன வாரம் பழைய கொட்டகையிலேர்ந்து மாத்துனோம். நானே கூட நின்னேன்."

"பாக்கலாமா?"

"வேணாம்மா." குரலைத் தாழ்த்திச் சொன்னார். "நீங்க அனுப்பி வச்ச மாதிரியே மனசுல இருக்கட்டும்."

அம்மா ஒரு கையில் தாரை இடுக்கிக்கொண்டு இன்னொரு உள்ளங்கையைக் கதவில் வைத்தாள். வைத்தபடியே நின்றாள். கேட்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்தது. அதற்குள் அவர் பேசத் தொடங்கிவிட்டார்.

"அவரை வச்சு ஒரு வகுப்புப் பிள்ளைங்க படிச்சு முடிச்சாச்சு. நியாயப்படி அவர் வீட்டுக்கு வரணும். நீங்க சொன்னா திங்கக்கிழமை நானே வண்டியில கொண்டாந்து விடறேன். அதுல மாத்தமே இல்ல." பச்சைக் கதவைப் பார்த்தார். "நான் லுவோ இனத்துக்காரன்மா. எங்க பக்கம் உடம்பு கிடைக்கலன்னா, யாகோ மரத்துலேர்ந்து நீளமான காயைப் பறிச்சுப் புதைப்போம். உங்க வீட்டுல என்ன நடந்திருக்கும்னு எனக்குத் தெரியும். அதான் கேக்க வாய் வரல."

"என்ன கேக்கணும்?"

"உள்ள இருக்கற மத்தவங்கெல்லாம் ரோட்டுல கிடந்தவங்க, ஆள் வராம சவக்கிடங்குல கிடந்தவங்க. அவங்க சம்மதத்தை யாரும் கேக்கல. இவர் ஒருத்தர்தான் தானா வரேன்னு சொன்னவர். புதுப் பிள்ளைங்க வந்தா நான் முதல்ல இவர்கிட்டதான் கூட்டிட்டுப் போவேன். இவர் நமக்காக வந்தவர்னு சொல்லுவேன். அதுக்கப்புறம் அவங்க கத்தி பிடிக்கற விதமே வேற. யார் மேல வச்சாலும் வேற." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் ஒரு வகுப்புக்கு அவரை விட்டு வைப்பீங்களா? முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்கம்மா. நான் தப்பா நினைக்க மாட்டேன்."

அம்மா கதவிலிருந்து கையை எடுத்தாள். பெயிண்ட் முழுக்கக் காய்ந்திருக்கவில்லை. உள்ளங்கை ரேகைகளில் பச்சை ஏறியிருந்தது. வெளியே வந்து படியில் உட்கார்ந்தாள்.

விருந்தாளிகள் சாப்பிட்டு முடிக்கும்வரை மாணவர்களைக் காத்திருக்கச் சொல்லியிருந்தார்கள். காலையிலிருந்து நின்று பாடியவர்கள், பசியோடு படிகளில் அங்கங்கே உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லியாக, கோட்டுக் கையை மடித்துவிட்ட ஒருத்தி தாரைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"அம்மா, இது விக்கறதா?"

"முவேனி, வெக்கமே இல்லியா உனக்கு? அவங்க விருந்தாளி!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

"நீ வாயை மூடு. கேட்டு வாங்கித் தந்தா முதல்ல திங்கறவன் நீதான்."

"விக்கறதில்ல" என்றாள் அம்மா. "உக்காரு."

அவள் உட்கார்ந்தாள். அருகில் பார்த்ததும் யாரென்று தெரிந்துகொண்டாள் போல, சிரிப்பு போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நீ அவர்கிட்டப் படிச்சியா?"

"படிச்சேம்மா. எங்க மேஜைதான்."

"எந்தப் பக்கம்?"

முவேனி என்னைப் பார்த்தாள். இதற்குப் பதில் சொல்லலாமா என்று கேட்பதுபோல் இருந்தது. நான் தலையசைத்தேன்.

"இடது கைப் பக்கம்மா." தயங்கினாள். "அந்தச் சுண்டு விரல் மடங்கியே இருக்கும். நான் மெதுவா நீட்டிப் பாத்தேன். வரல."

அம்மா அவள் கையை இன்னும் விடவில்லை.

"வராது" என்றாள். "சைக்கிள் சங்கிலியில மாட்டுனது. கல்யாணம் ஆன புதுசுல நானும் தினம் நீட்டிப் பாப்பேன்."

எனக்கு அந்த விரல் தெரியும். கரும்பலகையில் அவர் எழுதும்போது அது மட்டும் விலகித் தெரியும். ஆனால் அம்மா அதை நீட்டிப் பார்த்தது தெரியாது.

அம்மா தாரைத் திருப்பி, நன்றாகப் பழுத்த சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து முவேனியின் கையில் வைத்தாள். "அம்மா" என்றேன். அவள் என் பக்கம் திரும்பவில்லை. கத்தினவனைக் கூப்பிட்டு அவனுக்கும் கொடுத்தாள். மற்றவர்களும் நெருங்கி வந்தார்கள்.

"இது எங்க விளைஞ்சதும்மா? இவ்வளவு இனிப்பா இருக்கு?" என்று ஒருவன் கேட்டான்.

"வீட்டுலதான்" என்றாள் அம்மா.

என் பைக்குள் போன் அடித்தது. பெரியப்பா. வண்டியை அனுப்பவா என்று கேட்பார். மழிக்கிறவர் வந்து வாசலில் காத்திருப்பதாகவும் சொல்வார். போனை வெளியே எடுத்து அம்மாவிடம் காட்டினேன். அவள் ஒளிரும் பெயரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் தூக்கி, காதோரம் வெளியே வந்திருந்த முடியைத் துணிக்குள் தள்ளி, பின்னால் முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினாள். துணியில் பச்சையாக விரல்கள் பதிந்தன. போன் அடித்து அடித்து ஓய்ந்தது.

முவேனி இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. தோலை உரித்துவிட்டு, பழத்தோடு ஒட்டியிருந்த நாரை நகத்தின் நுனியால் பற்றி, அறுந்துவிடாமல் மேலிருந்து கீழ்வரை மெதுவாக இழுத்தாள். இழுத்து, மடித்த கோட்டுக் கையில் நீளமாக வைத்தாள். அடுத்த நாரைத் தேடினாள். அம்மா குனிந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.