செவலைக் கிடாயின் சம்மதம்

வாந்திபேதி வந்த வருஷம் சின்னத்தாய் ஒரு காரியம் செய்தாள். புருஷன் விருமாண்டி கண் சொருகிக் கிடந்தான். தெருவில் வீட்டுக்கு வீடு ஒப்பாரி. அவள் தலைவிரி கோலமாக ஓடி, ஊர்க்கோடியிலிருந்த ஓலைக் கோயிலுக்குள் நுழைந்து மண்ணில் விழுந்தாள்.

"ஏசு சாமி, எம்புருசனை எந்திரிச்சு உக்கார வை. செவலை ஆட்டுக்குட்டியை நல்லா வளத்து, அறுப்புப் பண்டிகைக்கு உனக்கே விட்டுர்றேன்!"

சமயநல்லூருக்கு மேற்கே இருந்த அந்தச் சிற்றூரில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் அப்போதுதான் வேதத்துக்கு மாறியிருந்தன. சின்னத்தாய்க்கு ஞானஸ்நானத்தில் சாராள் என்று பேர். ஆனால் சாமிதான் மாறியிருந்தது. சாமியோடு பேசுகிற பேச்சு மாறவில்லை.

விருமாண்டி எழுந்து உட்கார்ந்தான். கஞ்சி கேட்டான். கஞ்சியில் உப்பில்லை என்று கத்தினான். ஆள் பிழைத்துவிட்டான் என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

வினை செவலையால் வந்தது. தாயில்லாக் குட்டி அது. துணியைப் பாலில் நனைத்துச் சப்பக் கொடுத்து வளர்த்தாள். பிள்ளையில்லாத வீடு. வேதத்துச் சாராளுக்கு வயதான காலத்தில் பிள்ளை பிறந்ததே என்றுதான் ஓலைக் கோயிலில் ஜெபம் நடத்தும் உபதேசியார் அந்தப் பேரையே வைத்தார். இவளுக்குப் பிள்ளை வரவில்லை, கிடா வந்தது. கிணற்றடிக்குப் போனால் பின்னால் வரும். அவள் படுத்தால் முந்தானையை மென்றுகொண்டு பக்கத்தில் படுக்கும். "எனக்கு இப்பிடி ஒரு வாய் ஊட்டிவிட்டிருப்பியாடி?" என்று விருமாண்டி கேலி பேசுவான். பேசிவிட்டு, தன் வாயில் போட வைத்திருந்த பொரிகடலையை அதன் வாயில் போடுவான்.

அறுப்புப் பண்டிகை நெருங்க நெருங்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பண்டிகையன்று அவரவர் விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள், ஆராதனை முடிந்ததும் ஊரே ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும். இந்த வருஷக் கறிக்குச் செவலை என்பது எல்லோருக்கும் தெரிந்த சேதி. கொடுக்காமல் இருந்துவிடலாம் என்று நினைத்த மறுகணமே விருமாண்டியைத் திரும்பிப் பார்ப்பாள். கொடுத்த உயிரைச் சாமி திரும்பக் கேட்டால்?

முந்தின ஞாயிறு உபதேசியார் மாசிலாமணி ஆபிரகாம் கதையை எடுத்தார். மதுரை டவுனில் படித்துவிட்டு வந்த வாலிபர். குரல் நல்ல குரல். தேவன் கேட்டார் என்று பெற்ற மகன் ஈசாக்கை மலையுச்சிக்குக் கொண்டுபோய்க் கட்டிக் கிடத்திக் கத்தியை ஓங்கிவிட்டார் ஆபிரகாம். தேவதூதன் தடுத்தான். திரும்பிப் பார்த்தால் புதரில் கொம்பு சிக்கி ஒரு கிடா நின்றது. மகனுக்குப் பதில் அதைப் பலியிட்டார். சனங்கள் அப்பாடா என்று மூச்சு விட்டார்கள். சின்னத்தாய் மட்டும் விடவில்லை.

கூட்டம் கலைந்ததும் அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏன்யா, புதர்ல மாட்டிக்கிட்டு நின்னுச்சே, அந்தக் கிடா யாரு வளத்தது?"

"அது வேதத்துல எழுதலையேம்மா. தேவனே அனுப்புனது."

"அம்புட்டு ஒசரத்துல தன்னால கிடா வருமாய்யா? கீழ எவளோ ஒருத்தி கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடியிருப்பா."

அவள் மெல்ல விஷயத்துக்கு வந்தாள். செவலைக்குப் பதிலாக வீட்டிலுள்ள வரகு முழுக்கத் தந்துவிட்டால் ஆகாதா?

"நேர்ந்துக்கிட்டதை மாத்தக் கூடாது சாராளம்மா. வேதம் அப்பிடித்தான் சொல்லுது" என்றார் அவர். இரக்கமாகத்தான் சொன்னார். சொன்னது சொன்னதுதான்.

பண்டிகை நாளில் செவலைக்குக் கயிறே தேவைப்படவில்லை. அவள் நடந்தாள், அது பின்னால் வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. இழுத்து அடம்பிடித்து, ஒரு முட்டு முட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஆராதனை முடிந்து புளியமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். அரிவாள் விருமாண்டி கையில். பழைய நாளில் கருப்பசாமி கோயிலில் கிடா வெட்டியவன் அவன்தான். ஒரே வெட்டு, இரண்டாம் வெட்டுக்கு வேலை வைத்ததில்லை. அங்கே ஒரு முறை உண்டு. கிடாயின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது உடம்பைச் சிலிர்த்துத் தலையை உலுக்கினால் உத்தரவு கிடைத்த மாதிரி. உலுக்காதவரை அரிவாள் இறங்காது. மாலை, மேளம், தண்ணீர் தெளிப்பது ஒன்றும் இங்கே கூடாது என்று உபதேசியார் முன்கூட்டியே கண்டித்துச் சொல்லியிருந்தார்.

ஆனால் பழகின கை கேட்குமா? விருமாண்டியின் இடது கை தானாகச் செம்பை எடுத்துச் செவலையின் பிடரியில் தண்ணீரை ஊற்றிவிட்டது.

"விருமாண்டி!" என்று கத்தினார் மாசிலாமணி.

அவரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அத்தனை கண்ணும் கிடாயின் தலைமேல் இருந்தது. வேதத்துக்கு வந்த சனம் மொத்தமும் உத்தரவுக்குக் காத்து நின்றது.

செவலை உலுக்கவில்லை. சின்னத்தாயின் முந்தானையை வாயில் இழுத்து மென்றுகொண்டு நின்றது. கிழவர் மலையாண்டி தன்னை மறந்து, "இன்னுங் கொஞ்சம் ஊத்தப்பா" என்றார். விருமாண்டி ஊற்றினான். தண்ணீர் காது வழியாக வடிந்தது. அது அசையவில்லை.

"இதெல்லாம் விட்டுட்டு வந்த வழக்கம். வெட்டு, நேரமாச்சு" என்றார் மாசிலாமணி.

"மாட்டேன்யா. கேக்காம ஒரு உசுரை நான் வெட்டுனதில்ல."

"யார்கிட்டக் கேட்ட? கருப்பசாமிகிட்டயா?"

"சாமிகிட்ட எங்க கேட்டேன்? ஆட்டுக்கிட்டக் கேட்டேன். அது சரின்னு சொல்லல."

அப்போது சின்னத்தாய் அவன் காலில் விழுந்தாள். "வெட்டிருய்யா! ஒன் உசுருக்கு நேந்தது. நீ எனக்கு வேணும், வெட்டிரு!" என்று கதறினாள். முந்தானையின் ஒரு முனை இன்னும் செவலையின் வாயில்தான் இருந்தது.

விருமாண்டி அரிவாளைக் கீழே வைத்து அவளைத் தூக்கினான். பிறகு உபதேசியாரைப் பார்த்தான். குரல் சண்டைக்காரக் குரல்தான், கண் அப்படியில்லை.

"ஏன்யா, எம்பாவத்துக்கெல்லாம் சேத்து ஏசு சாமியே ஆட்டுக்குட்டியாச் சிலுவையில உசுரை விட்டுட்டாருன்னு வாராவாரம் சொல்றீக. அது மெய்யா, சும்மா பேச்சா? மெய்யின்னா, எனக்காக இன்னொண்ணு எதுக்குய்யா சாகணும்?"

மாசிலாமணி அதைக் கூட்டத்தில் எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். யாராவது அதை அப்படியே நம்பிவிடுவார்கள் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. முகம் சிவந்து நின்றார். பிறகு கிட்டே வந்து, தோள் துண்டை எடுத்துச் செவலையின் பிடரியைத் துடைத்தார்.

"சாராளம்மா, சாமிக்குக் குடுத்தது சாமிக்குத்தான். உசுரோடயே வாங்கிக்கிட்டாரு. மேய்க்கிற வேலையை உங்ககிட்டக் குடுக்கிறாரு, போங்க."

கறி ஆசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள், முணுமுணுக்கத்தானே செய்வார்கள். படைத்திருந்த பூசணிக்காய்களை அதே அரிவாளால் விருமாண்டி வெட்டித் தள்ளினான். குழம்பு கொதித்து, இலை போட்டு, எல்லோரும் கண் மூடி உபதேசியாரின் சாப்பாட்டு ஜெபத்துக்கு அடங்கியிருந்தபோது, வெயிலில் நின்ற செவலை திடீரென்று உடம்பு மொத்தத்தையும் சிலிர்த்து, காது படபடக்கத் தலையை உலுக்கியது.

ஜெபம் நின்றது. எல்லோரும் பார்த்துவிட்டார்கள். கேட்ட உத்தரவு இப்போது கிடைத்துவிட்டதா? சின்னத்தாய் உபதேசியாரைப் பார்த்தாள்.

"ஈரம்மா. ஈரத்தை ஒதறுது. வேறொண்ணும் இல்ல" என்றார் மாசிலாமணி. மறுபடி கண்ணை மூடி, விட்ட இடத்தை விட்டுவிட்டு வேறிடத்தில் தொடங்கினார். "ஆண்டவரே, அன்னைக்கு அந்த மலையில கிடாயைப் பறிகொடுத்தவ எவளோ, அவளையும் நினைச்சுக்கொள்ளும்."

"ஆமென்" என்று சின்னத்தாய்தான் முதலில் சொன்னாள். சொல்லிவிட்டு, அத்தனை பேர் நடுவில் வாய்விட்டு அழுதாள்.