ரிப்பேர் வண்டி

முத்துச்செல்விக்கு மன்னிக்கிற புத்தி கிடையாது. அதை ஒரு குறையாக அவள் நினைத்ததும் இல்லை. மன்னிப்புக் கேட்காதவனை மன்னிப்பது, பந்திக்கே வராதவனுக்கு இலை போட்டு வைக்கிற மாதிரி என்பாள். விளாங்குடியில் அவள் வீட்டு முன்னால் குட்டியானை வேனிலிருந்து அந்தப் பழைய ராஜ்தூத் பைக்கை இறக்கியபோது, எடைக்குப் போடப் போகிறாயா என்று பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். இல்லை, ஓட்டப் போகிறேன் என்றாள். அவர் சிரித்ததிலும் தப்பில்லை. வண்டியின் டேங்கைத் துரு தின்றிருந்தது, சீட்டை எலி தின்றிருந்தது, மிச்சத்தின் மேல் கோழி அடைந்திருந்தது.

வண்டி அவள் அப்பா சுடலையுடையது. நாகமலைக்கு மேற்கே வெள்ளப்பாறைப்பட்டியில் அவர் கிணறு வெட்டுகிறவர். அதற்கு முன்னால் அவர் அப்பன் பாட்டன் எல்லாம் அந்த ஊர்ப் பெரிய வீடுகளில் பண்ணை வேலை பார்த்தவர்கள். வெட்டிய கிணறுகளில் தண்ணீர் கண்ட புண்ணியத்தில், பால்காரர் ஒருவரிடம் சுடலை வாங்கிய வண்டி அது. வாங்கிய அன்றே டேங்க் மேல் மகளையும் பின்னால் மனைவி ராமக்காளையும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்தார். காலனிக்குப் போக மந்தைத் தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். மந்தையில் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான் கருத்தக்கண்ணன். ஊரில் பாதி வயலுக்குச் சொந்தக்காரன், சுடலையைவிட மூத்தவன். இருந்தாலும் இந்தக் கதையில் சுடலைக்குத்தான் 'ர்'. அவனுக்கு 'ன்' போதும்.

"எறங்கித் தள்ளிட்டுப் போடா" என்றான். குரலைக்கூட உயர்த்தவில்லை.

சுடலை இறங்கினார். செருப்பைக் கழற்றி ஹேண்டிலில் மாட்டினார். தெருக்கோடி வரைக்கும் வண்டியைத் தள்ளினார். ராமக்காள் தன் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தாள். கோடிக்குப் போனதும் கருத்தக்கண்ணன் திரும்பக் கூப்பிட்டான். ஏறி வந்த மறதிக்கு மருந்தாக, மந்தைக்குத் திரும்பி வந்து இன்னொரு தடவை தள்ளச் சொன்னான். சுடலை தள்ளினார். மந்தையில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு முத்துச்செல்வியின் காதில் இன்றைக்கும் இருக்கிறது.

அதற்குப் பிறகு சுடலை அந்த வண்டியைத் தொடவில்லை. ஏன் தள்ளிக்கொண்டு வந்தாய் என்று காலனியில் கேட்டவர்களிடம், வண்டி ரிப்பேர் என்று சொல்லிவிட்டார். சாகிறவரைக்கும் அதையே சொன்னார். என்ன ரிப்பேர் என்று யாராவது நோண்டினால், எஞ்சினில் ஏதோ கோளாறு என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். ரிப்பேர் வண்டி என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. நல்ல மனுசன் தன் மானத்தைக் காப்பாற்ற ஒரு நல்ல வண்டியின் பெயரைக் கெடுத்தார். வேறு வழி அவருக்கு இல்லை.

முத்துச்செல்வி வளர்ந்து, படித்து, மதுரையில் ஒரு பைக் ஷோரூமின் சர்வீஸ் பிரிவுக்கே பொறுப்பாகிவிட்டாள். ஊர் மாறிவிட்டது என்று எல்லாரும் சொன்னார்கள். சட்டம் இருக்கிறது, கேஸ் இருக்கிறது, யாரும் யாரையும் வாயைத் திறந்து இறங்கச் சொல்வதில்லை. ஆனால் அவள் ஊருக்குப் போகும்போதெல்லாம் ஒன்றைக் கவனித்தாள். காலனிப் பையன்கள் மந்தைத் தெருவுக்குள் நுழைந்ததும் ஆக்சிலரேட்டரை முறுக்கி விருட்டென்று பறந்துவிடுகிறார்கள், கல்யாண வீட்டில் செருப்பைத் திருடிக்கொண்டு ஓடுகிறவன் மாதிரி. மெதுவாகப் போக அந்தத் தெருவில் இன்னும் ஒருவனுக்கும் தைரியம் வரவில்லை. வேப்பமரத்தடியில் நாற்காலியும் அப்படியே இருந்தது, நரைத்த மீசையோடு கருத்தக்கண்ணனும் அப்படியே இருந்தான்.

பழி வாங்க வேண்டும் என்ற ஆசை அவளுக்கு எப்போதும் உண்டு. எப்படி என்றுதான் தெரியவில்லை. ஷோரூமுக்கு வண்டி விடும் ஒருவர் நாகமலை அடிவாரப் பாறைகளில் நடந்த ஒரு போட்டிக்கு அவளைக் கூப்பிட்டார். டிரையல்ஸ் என்றார். பந்தயம் என்றால் பறப்பார்கள் என்று நினைத்துப் போனாள். அங்கே வண்டிகள் ஆமை வேகத்தில் பாறை மேல் ஏறின, பள்ளத்தில் இறங்கின, ஓட்டுகிறவர்கள் உட்காராமல் நின்றுகொண்டே ஓட்டினார்கள். வேகத்துக்கு இதில் மார்க்கே கிடையாது, கால் தரையில் பட்டால் பாயிண்ட் போச்சு, இறங்கிவிட்டால் ஆளே அவுட் என்று அவர் விளக்கினார்.

முத்துச்செல்வி அதை இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அதையே தனக்குள் சொல்லிக்கொண்டு வந்தாள். காலை ஊன்றக் கூடாது, இறங்கவே கூடாது, மெதுவாகத்தான் போக வேண்டும். அவள் அப்பனுக்கு நடந்ததைத் தலைகீழாகத் திருப்பிப்போட்டு யாரோ ஒரு விளையாட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

மறுவாரமே ராஜ்தூத் விளாங்குடிக்கு வந்துவிட்டது. பிஸ்டன் இறுகிப்போயிருந்தது. பிளக்கைக் கழற்றி ஓட்டையில் டீசலை ஊற்றி ஊற வைத்தாள். தினமும் வேலைக்குக் கிளம்பும் முன் கிக்கரை ஒரு மிதி மிதித்துப் பார்ப்பாள். அது அசைந்து கொடுத்த அன்று ஷோரூமுக்கு லீவு சொல்லிவிட்டு எஞ்சினைப் பிரித்துப் பரப்பினாள். ரப்பர் சீல்கள் சுண்டவற்றல் மாதிரி சுருங்கியிருந்தன, கார்புரேட்டரில் பெட்ரோல் பிசினாகியிருந்தது. எல்லாம் சும்மா கிடந்ததால் வந்தவை. மற்றபடி கிராங்க் நன்றாக இருந்தது, பியரிங் நன்றாக இருந்தது, பற்சக்கரங்களில் ஒரு பல்லில்கூட தேய்மானம் இல்லை. அவள் ஒவ்வொன்றாகக் கழுவி, வெயிலில் வைத்து, மறுபடி மறுபடி தேடினாள். அப்பா சொன்ன கோளாறில் ஒரு நூலளவாவது உண்மை இருந்தால் தேவலை என்று இருந்தது. ஒரு கோளாறும் இல்லை. அவளுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

சைலன்சரை மேலே தூக்கினாள். கால் வைக்கும் கம்பிகளைப் பின்னுக்குத் தள்ளி வெல்டிங் வைத்தாள். அகலமான ஹேண்டில், முரட்டுப் பட்டன் வைத்த பின் டயர். இரண்டு பேர் உட்காரும் சீட்டை எறிந்துவிட்டு, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு ரெக்சினைத் தைத்துப் போட்டாள். கூடவே இருக்கும் ராமக்காள் அதைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனாள்.

"நான் எங்கடி உக்காருவேன்?"

உட்காருவதற்கான வண்டி இல்லை இது என்று மகள் சொன்னாள். ராமக்காள் அதோடு விடவில்லை. செத்த மனுசனை எதற்கு மறுபடி அந்தத் தெருவுக்கு இழுக்கிறாய், ஆறின புண்ணைக் கீறினால் ரத்தம்தான் வரும் என்று சோறு போடும்போதெல்லாம் புலம்பினாள். யாருக்கு ஆறியது என்று முத்துச்செல்வி கேட்டாள். கிழவி எழுந்துபோய்ப் பாத்திரத்தை விளக்க ஆரம்பித்துவிட்டாள்.

பின்சக்கரத்தின் பற்சக்கரத்துக்குத்தான் செல்லூருக்குப் போக வேண்டியிருந்தது. அங்கே லேத் பட்டறை வைத்திருந்தவர் பெயர் சங்கிலி. செயின் வேலைக்குச் சங்கிலியிடமே வந்திருக்கிறாயே என்று அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். சுற்றிலும் தறிச் சத்தம், கத்தித்தான் பேச வேண்டும். வருகிறவன் எல்லாம் வேகம் கூட்டச் சொல்லித்தான் வருவான், குறைக்கச் சொல்லி வந்த முதல் ஆள் நீதான் என்றார்.

"எம்புட்டு மெதுவா வேணும்?"

முத்துச்செல்வி வெளியே போனாள். வாசலில் நின்ற அவருடைய ஸ்கூட்டரின் ஸ்டாண்டை எடுத்துவிட்டு, தலையைக் குனிந்து, அந்தச் சந்தின் கோடி வரைக்கும் தள்ளிக்கொண்டு நடந்தாள்.

"இம்புட்டு மெதுவாண்ணே" என்றாள் திரும்பி வந்து.

சங்கிலி அவள் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, காரணம் எதுவும் கேட்காமல் தகட்டை எடுத்தார். தோசைக்கல் அகலத்துக்கு ஒரு பற்சக்கரத்தை வெட்டிக் கொடுத்தார். முன்பக்கத்துக்குச் சின்னதாக ஒன்று. அதை மாட்டியதும் முதல் கியரில் வண்டி மனுசன் நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது.

காலை வேளைகளில் வைகைக்குள் இறங்கிப் பழகினாள். தண்ணீர்தான் இல்லையே, கல்லுக்கும் மேட்டுக்கும் பஞ்சமில்லை. விழுந்தாள். முழங்கைத் தோல் பெயர்ந்தது, ஷோரூமில் கேட்டவர்களிடம் படியில் விழுந்தேன் என்று பொய் சொன்னாள். ராமக்காள் திட்டிக்கொண்டே மஞ்சள் பற்றுப் போட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக வண்டி அவள் இடுப்புக்குக் கட்டுப்பட்டது. பிரேக்கைப் பிடித்து ஹேண்டிலை ஒடித்து, காலை ஊன்றாமல் ஒரே இடத்தில் நிற்கவும் வந்துவிட்டது. அன்றைக்குத்தான் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

சொல்லாமல் போய் அடிப்பது அவளுக்குப் பிடிக்காது. கருத்தக்கண்ணனின் பேரன் சூரியபிரகாஷ் சர்வீஸுக்கு வண்டி விட வந்தபோது, பில்லைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னாள்: வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் சுடலை மகள் சுடலை வண்டியில் மந்தைத் தெரு வழியாக வருகிறாள் என்று தாத்தாவிடம் சொல்லிவிடு. பையனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"இப்பல்லாம் யாருமே எறங்கச் சொல்றதில்லக்கா."

"சொல்றதில்லதான். அதான் மெதுவா வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை குட்டியானையில் வண்டியை ஏற்றினாள். ஓட்டுவதற்குச் சங்கிலியே வந்தார். கதவைச் சாத்தப் போகும் நேரத்தில் ராமக்காள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். எங்கே வருகிறாய் என்று கேட்டதற்கு, எனக்குத்தான் உன் வண்டியில் இடமில்லையே, இதிலாவது வாரேன் என்றாள்.

மந்தை ஓரத்தில் வண்டியை இறக்கினார்கள். மந்தை நிறைய ஆள் இருந்தது. தெருவின் நடுவில், கருத்தக்கண்ணன் வீட்டுக்கு எதிரே, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக அஸ்திவாரக் கல் கொட்டிக் கிடந்தது. ஒரு டிராக்டர் லோடு. வீட்டு வேலையாம். எந்தக் கேஸும் போட முடியாது; கல்லுக்கு ஏது சாதி. கருத்தக்கண்ணன் நாற்காலியை மரத்தடியிலிருந்து கல் குவியலுக்குப் பக்கத்திலேயே மாற்றிப் போட்டிருந்தான்.

"தெருவுல கல்லு கெடக்கு. எறங்கித் தள்ளிட்டுப் போ" என்றான். அதே சொல், அதே குரல்.

முத்துச்செல்வி குவியலைப் பார்த்தாள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அந்தக் கணத்தில் அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வெறும் தெருவில் மெதுவாகப் போவதற்கென்று வந்தவளுக்கு, வண்டி எதற்காகச் செய்யப்பட்டதோ அதையே கொண்டுவந்து கொட்டி வைத்திருக்கிறான் புண்ணியவான். கிக்கரை மிதித்தாள். முதல் மிதியிலேயே எஞ்சின் பிடித்துக்கொண்டது. கம்பிகளில் ஏறி நின்றாள், சீட்டில் உட்காரவில்லை.

முன்சக்கரம் கல்லைத் தொட்டதும் சிரிப்பு எழுந்தது. சக்கரம் ஏறியதும் அந்தச் சிரிப்பு நின்றது. வண்டி ஒவ்வொரு கல்லாக முகர்ந்து பார்த்து ஏறிற்று. உச்சியில் ஒரு கல் புரண்டது. எஞ்சின் திணறியது, அவளுடைய இடது கால் கம்பியை விட்டுக் காற்றில் தொங்கியது. தரைக்கும் அந்தக் காலுக்கும் நடுவில் அப்பனின் மானம் மட்டும்தான் இருந்தது. கிளட்சைக் கொஞ்சம் விட்டாள், இடுப்பை வலப்பக்கம் தள்ளினாள். கால் கம்பிக்குத் திரும்பியது. வண்டி அந்தப் பக்கம் இறங்கி, நாற்காலிக்கு நேர் எதிரே வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவள் கால்கள் இரண்டும் கம்பியிலேயே இருந்தன.

கருத்தக்கண்ணன் எழுந்தான். உட்கார்ந்திருந்தால் அவளை அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"எறங்குடி."

"தொட்டு எறக்குங்க" என்றாள் முத்துச்செல்வி. "எறக்கணும்னா தொட்டுத்தான் ஆகணும். வாங்க."

அவன் கை ஹேண்டில் வரைக்கும் நீண்டது. ஒரு விரல்கடை தூரத்தில் நின்றுவிட்டது. மந்தையே அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தது, பேரன் உட்பட. ஒரு விரலால் நெட்டினால் அவள் சாய்ந்துவிடுவாள். அது அவனுக்கும் தெரியும். ஆனால் அந்த விரலை அவன் பாட்டன் காலத்திலிருந்தே கட்டிப்போட்டிருந்தார்கள். கை மெல்லக் கீழே இறங்கியது.

"வண்டி ரிப்பேருன்னு எங்கப்பா சொன்னாரு. பிரிச்சுப் பாத்துட்டேன். வண்டியில ஒரு கோளாறும் இல்ல."

சொல்லிவிட்டு நகர்ந்தாள். தெருவின் ஒவ்வொரு வாசலையும் பார்த்துக்கொண்டே, நடக்கிற வேகத்தில் போனாள். பின்னால் ராமக்காள் வந்தாள். தெருவுக்குள் நுழையும்போது அவளுடைய பாதம் பழைய பழக்கத்தில் செருப்பிலிருந்து தானாக நழுவப் பார்த்தது. அதை உள்ளே நுழைத்துக்கொண்டு, கல்லின் ஓரமாகச் சங்கிலியின் கையைப் பிடித்துத் தாண்டி, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்தாள்.

தெருக்கோடியில் முத்துச்செல்வி நின்றாள். முடிந்தது என்று நினைத்துக் காலை ஊன்றப் போனாள்.

"ஊனாத" என்றாள் ராமக்காள் மூச்சு வாங்கிக்கொண்டே. கிழவியின் கண்கள் கருத்தக்கண்ணனின் நாற்காலியை விட்டு அகலவில்லை. "உங்கப்பா இதவிட மெதுவாத் தள்ளுனாரு. ரெண்டு தடவ. திருப்புடி வண்டிய."