மூன்றாவது பொட்டலம்

கழுகுமலையில் அம்மன் கோயில் வாசலில் பதினோரு வருடமாகப் பூ விற்கிறேன். மாலையைவிட எனக்குப் பிழைப்புத் தருவது பூக்கட்டிப் பார்க்க வருகிறவர்கள்தான். மழைக்கு முன்னால் விதைக்கலாமா, அந்த மாப்பிள்ளைக்குப் பெண்ணைக் கொடுக்கலாமா, எல்லாவற்றுக்கும் வருவார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்து நூல் சுற்றிக் கொடுப்பேன். அம்மன் முன்னால் போட்டு ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் வேண்டாம்.

நினைத்தது வராதவர்கள் சும்மா போகமாட்டார்கள். "கை நடுங்கிட்டு, இன்னொருக்கா கெட்டிக் குடுங்க" என்று வந்து நிற்பார்கள். கட்டிக் கொடுப்பேன். மூன்றாவது தடவை என்றால் எனக்குக் கோபம் வந்துவிடும்.

"என்ன வேணும்னு ஒங்களுக்கே தெரிஞ்சு போச்சு. அம்மன எதுக்குத் தொந்தரவு பண்ணுதீங்க? வீட்டுக்குப் போங்க."

பக்கத்தில் தேங்காய்க்கடை போட்டிருக்கும் வெயிலம்மாள், யாவாரம் கெட்டுப்போகும் என்பாள். போனால் போகட்டும்.

நேற்று என் வீட்டுக்காரர் போன் செய்தார். திருப்பூருக்கு வேலைக்கென்று போனவர், அங்கே இன்னொருத்தியோடு குடும்பம் நடத்தினார். அவர் விட்டுப் போன அந்த மாதமே நான் இந்தப் பூக்கூடையை எடுத்தேன். இப்போது சர்க்கரை முற்றி, காலில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்களாம். அவளும் விட்டுவிட்டுப் போய்விட்டாளாம்.

"வீட்டுக்கு வந்துரட்டுமா காளி? நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள சொல்லு, பஸ் ஏறணும்" என்றார்.

மகள் இந்துஜாவிடம் கேட்டேன். "ஒன் இஷ்டம்மா" என்று போனை வைத்துவிட்டாள். என் இஷ்டம் எது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. அவரை நினைத்தால் பாவமாக இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே அலுப்பாக இருந்தது.

இன்று மத்தியானம் கூட்டம் குறைந்ததும் எனக்கே பூக்கட்டிப் பார்த்தேன். நான் கட்டினால் முடிச்சு காட்டிக் கொடுத்துவிடும் என்று வெயிலம்மாளைக் கட்டச் சொன்னேன். வெள்ளை வந்தால் அவர் வரட்டும்.

வெள்ளை வந்தது.

"வெயிலு, மடிப்பு சரியில்ல. இன்னொருக்கா கெட்டு" என்றேன். கட்டினாள். உள்ளே போய் எடுத்தேன். மறுபடியும் வெள்ளை. வெளியே வந்து வெறுங்காலோடு வெயிலில் நின்று அந்தப் பூவையே பார்த்துக்கொண்டிருந்தேன். கால் சுட்ட பிறகு கடைக்கு வந்து இலையை நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை.

"ஏட்டி, இது எத்தனாவது?"

"பேசாம கெட்டு."

"வேற ஒருத்தி இப்பிடி வந்து நின்னா நீ என்ன சொல்லுவ?"

அந்த வேறொருத்தியை நினைத்துப் பார்த்தேன். ஐம்பது வயசு, வீங்கிய முட்டி, கையில் இலை. இரண்டு தடவை வெள்ளை வந்தும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். இதே வாசலில் எத்தனையோ முகம் பார்த்திருக்கிறேன். அவளுக்கு என்ன வேண்டுமென்று முதல் தடவையிலேயே எனக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அவளை விரட்டத் தோன்றவில்லை. இத்தனை வருடத்தில் முதல்முறையாக எனக்கு என்னையே நினைத்துப் பாவமாக இருந்தது.

இலையைக் கூடையில் போட்டுவிட்டு அவருக்குப் போன் போட்டேன். "வராதீங்க" என்றேன்.

"அம்மன்கிட்ட பூக்கெட்டிப் பாத்தியா?" என்று கேட்டார்.

"பாத்தேன். அவ வரச் சொல்லுதா. நாந்தான் வேண்டாங்கேன்."